எட்டுப் படைத்த அன்று கதவில் இருந்த எழுத்து

என் ஆசை அண்ணைக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்கிப் பழக்கம். உங்களிடம் அதை எப்படிக் கேட்பது? நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்பதே எங்கள் வீட்டில் பெரிய கேள்வியாகிவிட்டது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களை உங்களுக்கும் பிடிக்காது.

உங்களுக்கு எட்டுப் படைத்தோம். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, எட்டாம் நாள் மாலை வாழையிலையில் பரப்பி, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து இருப்போமே, அந்த எட்டுத்தான். செத்தவர் வந்து யாருடைய கண்ணும் படாமல் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று. லண்டனில் வாழையிலைக்கு எங்கே போவது, ஈஸ்ட் ஹாமில் வாங்கினேன். கணவாய்க் கறி, இறால் பொரியல், பிட்டு எல்லாம் வைத்தேன். நீங்கள் வேலையிடத்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து அம்மாவின் கட்டிலுக்குக் கீழே அடுக்கிவைத்த நூடில்ஸையும் விடவில்லை. ஒரு போத்தல் ஸ்டவுட் பியரும் வைத்தேன். டொக்டர் நிறுத்தச் சொன்னதுதான். இனி டொக்டரால் உங்களை என்ன செய்ய முடியும்?

கதவைத் திறந்தபோது அம்மா முதலில் உள்ளே போனார். குனிந்து இலையைப் பார்த்தார். சோற்றில் ஒரு பள்ளம், கறியில் ஒரு விரல் தடம், ஏதாவது இருக்கும் என்று எங்கள் ஆட்கள் தேடுவார்கள் அல்லவா? நான் அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் நானும் எட்டிப் பார்த்தேன்.

"அவன் வரேல்லை. ஒண்டும் தொடேல்லை" என்றார் அம்மா.

"அம்மா, அப்பிடியெல்லாம் பாக்காதேங்கோ."

"எனக்குத் தெரியும் பிள்ளை. கணவாய்க் கறியை விட்டிட்டுப் போறவனே அவன்?"

அழுது கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அன்றைக்குத்தான் லின் வந்தார். உணவுக்கடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் வான் வண்டியில் உங்களோடு வேலை செய்த சீனர் லின். இரண்டு கைகளாலும் ஆரஞ்சு நிறத் தோடம்பழங்கள் நிறைந்த பையைப் பிடித்தபடி வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவின் வெளிப்பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருந்த மஞ்சள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு உள்ளே சாப்பாடு வைத்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆமென்றேன்.

"இது கதவில் இருக்கும்போதா?"

அண்ணை, அந்தத் தாளை நான் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். புதுவருடத்துக்குச் சீனர்கள் ஒட்டும் சிவப்புத் தாளைப் போல ஏதோ அதிர்ஷ்டத்துக்கு என்றுதான் நினைத்தேன். கேட்டபோது நீங்களும் "நல்லதுக்குத்தான்" என்றீர்கள். எங்கள் வாசல் நிலையில் மாவிலை, பிள்ளையார் படம், எலுமிச்சம்பழம் எல்லாம் கிடக்கின்றன. அந்தக் கூட்டத்தில் இன்னொன்று என்று விட்டுவிட்டேன்.

லின் போனில் அந்த எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். 聻. தனக்கே அதை வாசிக்கத் தெரியாதாம். நீங்கள் ஒருநாள் சைனா டவுனில் ஒரு கடையின் பின்கதவில் அதைக் கண்டு, இது என்ன என்று அவரைக் கேட்கப்போய்த்தான் அவரே அகராதியில் தேடினாராம். சீனர்களில் பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஒருதரமும் காணாத எழுத்தாம். ஒவ்வொரு துண்டாக விரலால் தொட்டுக் காட்டினார். இடது ஓரம் தண்ணீர். அடுத்தது வண்டி. அதற்குப் பக்கத்தில் கோடரி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காது. அந்தத் துண்டுகள் ஓசைக்காகச் சேர்ந்தவை, அவற்றுக்குப் பொருள் தேடக்கூடாது என்றும் சொன்னார். நான் தேடவில்லை. ஆனால் அந்தக் காது என் மனதை விட்டுப் போக மறுக்கிறது.

பொருளையும் சொன்னார். மனிதன் செத்தால் பேய். பேய் செத்தால் இது. மனிதன் பேய்க்குப் பயப்படுவதைப் போலப் பேய் இதற்குப் பயப்படும். அதனால் பழைய காலத்தில் இதை எழுதிக் கதவில் ஒட்டுவார்களாம். செத்தவர் எவரும் அந்த வாசலைத் தாண்டமாட்டார்கள்.

"என்னவாம் அவன் சொல்லுறான்?" என்று அம்மா பின்னால் நின்று கேட்டார்.

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்குத்தான் நாக்கில் நரம்பில்லையே. "செத்தவை உள்ளுக்கை வராமல் ஒட்டுறதாம்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா லின்னின் கையிலிருந்த தோடம்பழத்தை வாங்கி உள்ளே வைத்தார். பிறகு சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு போய் வாசல் நடையில், கதவைப் பார்த்தபடி போட்டு உட்கார்ந்தார். இன்றுவரை பகலெல்லாம் அங்கேதான் இருக்கிறார்.

நினைத்துப் பாருங்கள். நீங்கள் மயங்கி விழுந்ததே அந்தக் கதவுக்கு வெளியில்தான். மூன்றாம் மாடி நடைபாதையில், திறப்பு கையில் இருந்தது, இன்னும் பூட்டில் போடவில்லை. அம்புலன்ஸ்காரர் அங்கேயிருந்தே தூக்கிப் போனார்கள். பிளாட்டின் லிப்டில் பெட்டி கொள்ளாது என்பதால் உடலையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. மண்டபத்தில் வைத்துக் கிரியை செய்து அங்கிருந்தே கொண்டுபோய் எரித்தோம். அன்று காலை வேலைக்கென்று படியிறங்கிய நீங்கள் அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்குள் வரவேயில்லை. எட்டுக்கு உங்களை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டு, வாசலில் இப்படி ஒரு காவலையும் வைத்திருக்கிறோம். எங்களைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு பிழை வாய்க்கும்?

அம்மா சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். அரைத் தோசை, ஒரு வாய்த் தேத்தண்ணீர். கேட்டால் ஒரே பதில். "அவன் வெளியிலை பசியோடை நிக்கிறான். நான் உள்ளுக்கை இருந்து தின்னுறதே?" டொக்டரிடம் கூட்டிப் போனேன். இரத்தம் குறைந்திருக்கிறது, இப்படியே விட்டால் ஆஸ்பத்திரியில் படுக்கவைக்க வேண்டிவரும் என்றார். உங்களுக்குப் பின்னாலேயே அம்மாவையும் அனுப்பிவைக்கப் போகிறேனோ என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நடைபாதை விளக்கு ஒன்று இருக்கிறதே, ஆள் அசைந்தால் தானாக எரிவது. குளிர்காலம் என்பதால் நாலு மணிக்கே இருட்டி விடுகிறது. கதவுக்கு மேலேயுள்ள கண்ணாடியில் அந்த விளக்கு எரிவது உள்ளேயிருந்து தெரியும். எரியும். யாரும் வருவதில்லை. அணையும். திரும்ப எரியும். கவுன்சிலுக்கு எழுதினேன். ஒருவர் வந்து பார்த்து, விளக்கில் பழுதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். "ஆள் நிண்டால்தானே எரியும்" என்றார் அம்மா, அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தியபடி.

தாளைக் கிழித்து எறிந்தால் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். லின் வேண்டாமென்றார். ஒட்டியவர் இல்லாதபோது கண்டபடி எடுக்கக்கூடாது, எடுக்கும் முறை தனக்குத் தெரியாது என்றார். அதை உங்களுக்கு எழுதித் தந்த அந்தச் சைனா டவுன் கடைக்காரக் கிழவர் கடையை விற்றுவிட்டு மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாராம். சரி, இந்த எழுத்தை அறிந்தவர் லண்டனில் வேறு யாருமே இல்லையா? ஒரு சனிக்கிழமை லின் என்னை உங்கள் வானில், நீங்கள் உட்காரும் இருக்கைக்குப் பக்கத்தில் ஏற்றி, உங்கள் வாடிக்கைக்காரரிடமெல்லாம் கூட்டிப் போனார். சோயா சோஸ் இறக்கிய இடமெல்லாம் துக்கமும் விசாரித்தார்கள். உங்களை எல்லோருக்கும் பிடித்திருந்தது, அண்ணை. வீட்டில் மட்டும் ஏன் உம்மென்று இருந்தீர்கள்?

நியூ மோல்டனில் கொரியக்காரி ஒருத்தி தன் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவர் பிக்கு. அவருக்கு எழுத்துத் தெரிந்திருந்தது, பேய்க் கதை தெரியவில்லை. அவர்கள் அதை 'நி' என்று சின்னதாக ஒலிக்கிறார்கள். மடத்துப் பழைய உரையாடல்களில் கேள்வியின் கடைசியில் வருமாம். குரு ஒன்றைக் கேட்பார். சீடன் ஏதோ சொல்லித் தப்பப் பார்ப்பான். அப்போது இந்த ஓசையைப் போட்டு அவனை மடக்குவாராம். "அது சரி, அப்ப இது?" என்று நாங்கள் கேட்போமே, அந்த மாதிரி. இன்னொரு கடையில் ஒரு ஜப்பானியச் சமையற்காரரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். இளம் வயதில் ஒரு தியான மடத்தில் தங்கியிருந்தவராம். அங்கேயும் அது கேள்வியின் வால்தான். சீனாவிலேயே பழைய மடங்களில் அப்படி ஒரு வழக்கு இருந்து, அங்கிருந்துதான் மற்ற நாடுகளுக்குப் போனது என்று லின் பிறகு தேடிச் சொன்னார்.

ஒரே எழுத்து. ஒரு வாசலில் செத்தவரைத் துரத்துகிறது. இன்னொரு வாசலில் உயிரோடு இருக்கிறவனை விடாமல் கேள்வி கேட்கிறது. உங்களை எது பிடித்தது, அண்ணை? துரத்துவதா, கேட்பதா?

கடைசியாக ஹக்னியில் ஒரு வியட்நாமிய அம்மா. அவர்கள் இப்போது ரோமன் எழுத்தில் எழுதுகிறவர்கள். அதனால் அவருக்கு எழுத்துப் புரியவில்லை. ஆனால் கதவில் ஒட்டிய மஞ்சள் தாள் என்றவுடன் முகம் மாறிவிட்டது. என் போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். "எடுக்கலாம். ஆனால் வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு எடு" என்றார்.

லின் அதே வானில் என்னைத் திருப்பிக் கூட்டி வந்தார்.

எனக்கு நீங்கள் அதே வானில் சொன்னது ஞாபகம் வந்தது. என்னைத் தோர்ண்டன் ஹீத்தில் என் வீட்டில் இறக்கிவிட வந்தீர்கள். இடப்பக்கம் திரும்ப சிக்னல் போட்டபடி, மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னீர்கள்.

"வதனி, ரூபன் வந்து கூப்பிடுறான்."

"ஆர்?"

"ரூபன். வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறக்கேக்கை பின்னாலை நிக்கிறான். 'அண்ணை, நானும் வரட்டே?' எண்டு கேக்கிறான்."

ஷிப்டைக் குறையுங்கோ, டொக்டரைப் பாருங்கோ என்றேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் வேறு என்னத்தைச் சொல்ல? நீங்களும் தலையாட்டினீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவேயில்லை. தாள் ஒட்டியதும் அந்த நாட்களில்தான் என்பதை இப்போதுதான் பொருத்திப் பார்க்கிறேன்.

பத்திரிகையில் இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். ரூபன் எங்கள் கடைக்குட்டித் தம்பி. இலங்கைப் போரின் கடைசிச் சண்டையில் வன்னியில் காணாமல் போனவன். செத்தான் என்று சொன்னவரும் இல்லை, கண்டேன் என்று வந்தவரும் இல்லை. அம்மா அவனுக்கு இதுவரை ஒரு கிரியையும் செய்யவில்லை. படத்துக்கு மாலை போடவும் விடமாட்டார். யாராவது வாய்தவறி, ஒரு சாந்திக்காவது ஏதாவது செய்யுங்கள் என்றால், "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆரும் எட்டுச் செய்வினமே?" என்று எரிந்து விழுவார். இப்போது ரீவிக்குப் பக்கத்தில் இரண்டு படங்கள் நிற்கின்றன. உங்களுடையதில் மாலை. அவனுடையதில் இல்லை.

லின்னோடு போய்வந்த அடுத்தநாள் ஞாயிறு. தாளை எடுத்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு பார்க்கிங்கில் உள்ள உங்கள் வீட்டுக்குப் போனேன். முப்பத்தொன்றாம் நாள் கிரியை வருவதற்குள் உங்களை உள்ளே விடவேண்டும், அம்மாவின் வாயில் சோறு இறங்கவேண்டும். அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. வெந்நீரும் துணியும் எடுத்து, கதவைத் திறந்து, தாளின் மேல் ஓரத்தை நனைத்தேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த மெலிந்த கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"விடு பிள்ளை."

"அண்ணை வரவேணும் அம்மா. இதை எடுத்தால்தான் அண்ணை வருவார். நீங்கள்தானே அவர் வெளியிலை நிக்கிறார் எண்டு சாப்பிடாமல் கிடக்கிறியள்?"

"இது செத்தவையை மட்டும்தானே மறிக்கும்?"

"ஓம்."

"உயிரோடை வாறவையை மறிக்காதே?"

"மறிக்காது அம்மா."

"அப்ப கிடக்கட்டும்."

எனக்கு விளங்கவில்லை. அம்மா என் கையிலிருந்த துணியை வாங்கிப் பிழிந்து, நனைந்த ஓரத்தைத் தன் சேலைத் தலைப்பால் ஒற்றி ஒற்றிக் காயவைத்தார். அதைச் செய்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவன் ஏன் இதை ஒட்டினவன் எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியே? நானும் கேட்டனான் பிள்ளை, அந்தக் குரலை. உள்ளுக்கை இருந்து கேட்டனான். இதை ஒட்டினாப் பிறகு கேக்கேல்லை."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதன் கீழே நின்றதால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ரூபன் வந்தால் இந்தக் கதவாலைதான் வரவேணும்" என்றார் அம்மா. "இது இருக்கேக்கை அவன் உள்ளுக்கை வந்தானெண்டால், உயிரோடை வந்தவன் எண்டு எனக்குத் தெரியும். இதை எடுத்துப்போட்டு, அதுக்குப் பிறகு அந்தக் குரல் கேட்டுதெண்டால், நான் என்ன செய்யிறது?"

"அப்ப அண்ணை?"

அம்மா ஈரத் துணியைக் கீழே வைத்தார். பிறகு கதவில், உங்கள் தோள் உயரத்தில் இருக்கும் இடத்தை உள்ளங்கையால் தடவினார்.

"மூத்தவன் பொறுப்பான். எப்பவும் அவன்தானே எனக்காகப் பொறுத்தவன்."

அண்ணை, எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. எப்போதும் போல உங்களைத்தான் வெளியே நிறுத்திவிட்டார் என்று பொருமினேன். நீங்கள் பதினெட்டு வயதில் இங்கே வந்து, குளிரில் பெட்டி தூக்கி, எங்களையெல்லாம் கூப்பிட்டு எடுத்து, கல்யாணமும் கட்டாமல் இருந்தீர்கள். செத்த பிறகும் வாசலில்தான் நிற்கவேண்டுமா? வாய்வரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கேட்க முடியவில்லை. ஒரு பிள்ளை பட்டினியோடு வெளியே நிற்கட்டும் என்று சொல்வதற்கு ஒரு தாய் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்? ரூபன் இனி வரமாட்டான் என்று அம்மாவுக்கு உள்ளுக்குள் தெரியும், அண்ணை. தெரியும் என்பதால்தான் அந்தத் தாளை எடுக்க விடுகிறார் இல்லை.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது. அதை இங்கே தவிர வேறெங்கும் சொல்ல முடியாது. பேயும் சாகும் என்றுதானே அந்த எழுத்துச் சொல்கிறது? எங்கேயோ ஒரு மணலில் ஒருதரம் செத்தவனை, அண்ணன் வீட்டு வாசலில் இன்னொருதரம் சாகவைத்துவிட்டோமா? அவன் வரட்டே என்று கேட்டுத்தானே நின்றான். அடித்து உடைத்துக்கொண்டா வந்தான்? நீங்கள் பயந்தது அவனுக்கா, இல்லை அவனை அம்மா கண்டுவிடுவார் என்பதற்கா? இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று நம்ப விரும்புகிறேன். நீங்கள் எதற்கும் பதில் சொல்கிறவர் இல்லை. உயிரோடு இருக்கும்போதே சொன்னதில்லை.

இப்போது நான் செய்யப்போவதைக் கேளுங்கள். முப்பத்தொன்றுக்கு ஐயர் வந்து பார்க்கிங் வீட்டில் செய்வதைச் செய்யட்டும். அந்தத் தாள் அங்கேயே இருக்கட்டும். நீங்கள் அங்கே நிற்கவேண்டாம். அன்று பின்னேரம் தோர்ண்டன் ஹீத்துக்கு வந்துவிடுங்கள். வழி தெரியாதவரா நீங்கள்? என் கதவில் ஒரு எழுத்தும் இல்லை. கதவு இலக்கத்தைக்கூட மறைத்துவிடுவேன். கணவாய்க் கறி வைப்பேன். ஸ்டவுட் வைப்பேன். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவேன், வாசலை அகலத் திறந்து வைப்பேன், சாப்பிட்டு முடியும்வரை மாடியில் போய் இருப்பேன். அடுத்தநாள் விடிய அம்மாவிடம் போய், "அண்ணை என்ரை வீட்டை வந்து வயிறாரச் சாப்பிட்டிட்டுப் போனவர், இனி நீங்கள் சாப்பிடுங்கோ" என்று சொல்வேன். அதைக் கேட்டால் சாப்பிடுவார். சாப்பிட வைப்பேன்.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் பத்திரிகை வாசிப்பதில்லை. அவருக்கு வாசித்துக் காட்டுகிற அன்பர்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டிவிடுங்கள். அம்மாவுக்குச் சொல்லாத ஒன்றை இனித்தான் அண்ணைக்கு எழுதப்போகிறேன்.

அண்ணை, நான் இரண்டு இலை போடுவேன்.

நீங்கள் தனியாக வந்தால் மற்ற இலை அப்படியே கிடக்கும். அம்மா சொன்னதுதான் சரி, அவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று நானும் சேர்ந்து காத்திருப்பேன். ஆனால் நீங்கள் படியேறும்போது பின்னாலிருந்து யாராவது "நானும் வரட்டே" என்று கேட்டால், இந்தமுறை வா என்று சொல்லுங்கள். கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். அவனைப் பசியோடு திருப்பி அனுப்ப இந்த வீட்டில் யாரும் இல்லை. இரண்டு இலையிலும் கை பட்டிருந்தால், ஒன்றைத்தான் அம்மாவுக்குச் சொல்வேன். மற்றதை நானே மடித்து எடுப்பேன். சாகும்வரை வாய் திறக்கமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்களுக்குத் தங்கச்சியும் ரூபனுக்கு அக்காவுமான
வதனி